பேய்க்குப் பாவம் பார்த்தவர்கள்

“பேயா வரமாட்டேன்னா வரமாட்டேன். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே.”

“ஒரே ஒரு மாசம்க்கா. கடைசி இருபது நிமிஷத்தைத் திரும்ப எடுத்தா போதும். உன்னாலதான் படம் கெட்டுப்போச்சு, நீதானே சரி பண்ணிக் குடுக்கணும்?”

“என்னாலயா?”

இந்த ‘என்னாலயா’ மூன்றாம் மாடியில் கிளம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை என்றும் பாராமல், தரைத்தளம் வரை இறங்கியது. அந்தக் குடியிருப்பில் சுவர்கள் பேருக்குத்தான் இருக்கின்றன. பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழக்கூடாது என்று நினைக்கிற நல்லவர்கள் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார்கள். அன்று ஒரு வீட்டிலும் குழாய்ச் சத்தம் கேட்கவில்லை.

கெஞ்சியவன் டைரக்டர். அதாவது, முதலில் தானே அப்படிச் சொல்லிக்கொண்டு, பிறகு மற்றவர்களும் வேறு வழியில்லாமல் அப்படியே கூப்பிடும்படி ஆனவன். வயிற்றுப்பாட்டுக்குக் கதவுக் கடையில் விற்பனையாளன். பெரிய கடை. சட்டத்தோடு முப்பது கதவுகள் வரிசையாக நிற்கும். எதைத் திறந்தாலும் பின்னால் வெறும் சுவர். நாலு வருஷம் அவற்றைத் திறந்து மூடிக் காட்டியவனுக்கு ஒரு நாள் கற்பனை பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் உலகம், பதினோராம் கதவுக்குப் பின்னால் ஆயிரம் வருஷமாகப் பழிவாங்கக் காத்திருக்கும் ஓர் அரசியின் ஆவி. முதலாளியின் கையைக் காலைப் பிடித்து, கடை சாத்திய பிறகு சாயங்காலங்களில் எடுத்தான். கேமரா பிடித்தவன் அங்கே கதவு பொருத்துகிற திருப்புளி. பட்டப்பெயர்தான், ஆனால் சம்பளக் கவரிலும் அதையே எழுதுகிறார்கள் என்று கேள்வி. ஆவியாக நடித்தது டைரக்டரின் சொந்த அக்கா. சம்பளம் கேட்கமாட்டாள், முடியாது என்றும் சொல்லமாட்டாள். இந்த இரண்டு தகுதியும் சேர்ந்த நடிகை வெளியே கிடைப்பாளா?

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்குப் போய் நின்றால், சூடாக வெளியே வருகிற விரிப்புகளை மடித்து அடுக்கி முடிகிற வரை நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, அம்மாவின் முட்டிக்குத் தைலம். அதற்கு மேல்தான் ஆவி.

படத்தைப் போன மாதம் இலவசமாக இணையத்தில் ஏற்றினார்கள். பார்த்தவர்களில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கருத்து எழுதினார்கள். படம் வாங்கி ஓட்டுகிற ஒரு சின்ன நிறுவனமும் அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தது. கதவு விஷயம் புதுசாக இருக்கிறது, ஆனால் பேயைப் பார்த்தால் யாருக்கும் பயமே வரவில்லை, கடைசிப் பகுதியை அடுத்த மாதத்துக்குள் திரும்ப எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றது. டைரக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்த வாய்ப்பு இந்த ஒன்றுதான், இனி வருமா என்பது சந்தேகம்.

அக்காவுக்கும் வந்திருந்தது ஒன்று. வேறு ஊர் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் வேலை, தங்க அறையோடு. ஒன்றாம் தேதி சேர வேண்டும். இன்னும் பத்து நாள்.

அம்மா நடுவே புகுந்து, வேலை எங்கேயும் ஓடிப்போகாது, ஒரு மாசம் தள்ளிக் கேட்டுப் பார் என்று மகளிடம் சொன்னாள். நியாயமாகப் பேசுவதாகத்தான் அவளுக்கு நினைப்பு.

“மூணு வருஷத்துக்கு முன்னாடியும் நீ இதையேதான் சொன்னேம்மா,” என்றாள் அக்கா. “அது ஓடித்தான் போச்சு.”

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு துணி உலர்த்தப் போய்விட்டாள். டைரக்டர் கவலைப்படவில்லை. அந்த வீட்டில் அக்கா கத்துவதும் உண்டு, கத்திவிட்டுச் சாயங்காலம் வழக்கம்போல அடுப்படியில் நிற்பதும் உண்டு. நின்றால் சம்மதம் என்று அர்த்தம். அன்று சாயங்காலமும் நின்றாள்.

திங்கட்கிழமை மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், கருத்துகளை மறுபடி முதலிலிருந்து படித்தான். பேயின் குறைகளைக் குறித்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டினால் இந்தத் தடவையாவது ஒழுங்காகப் பயமுறுத்துவாள் என்பது திட்டம். முன்பெல்லாம் அவன் படித்தது பதில் கொடுப்பதற்காகத்தான். ‘உண்மை ரசிகன்’ என்ற பெயரில் ஒளிந்துகொண்டு, இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள அறிவு வேண்டும் என்று ஐம்பது பேரோடாவது மல்லுக்கு நின்றிருக்கிறான். கடைசியில் ஒருவர், “டைரக்டர் தம்பி, போய் வேலையைப் பாருங்க” என்று எழுதியதும்தான் அந்த ரசிகன் ஓய்ந்தான்.

கருத்துகளில் பாதி கதவைப் பற்றியே இருந்தன. நாலாவது கதவு தேக்கா, ஒட்டுப்பலகையா என்று ஒருவர் விசாரித்திருந்தார். நரக வாசலில் ‘பத்து சதவீதம் தள்ளுபடி’ என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தவர் ஒருவர். அதற்குக் கீழே, அதனால்தான் அங்கே கூட்டம் என்று இன்னொருவர். மீதிப் பாதி பேயைப் பற்றி. அதில்தான் விஷயம் இருந்தது. யாரும் பேயைத் திட்டவில்லை.

பேய் பாவம் என்றார்கள். ஒருவர் இருவர் இல்லை, எண்ணினால் நூற்றைத் தாண்டும். அந்த அம்மாவுக்கு யாராவது ஒரு நாற்காலி போடுங்கப்பா என்று ஒரு கருத்து. கதாநாயகனைக் கொல்வதற்கு முன்னால் அதற்கு ஒரு டீ கொடுங்கள் என்று ஒன்று. ஆயிரம் வருஷம் காத்திருந்த களைப்பை முகத்திலேயே காட்டிவிட்டார், இதுவல்லவா நடிப்பு என்று உருகியவரும் உண்டு. ஐம்பத்திரண்டாம் நிமிஷத்தில் கதவில் சாய்ந்து கண்ணை மூடுவது நடிப்பே இல்லை, பேய் நிஜமாகத் தூங்குகிறது என்று ஒருவர் பந்தயம் கட்டியிருந்தார். அதற்கடுத்தாற்போல் ஒரு கருத்து. “எங்க அம்மா வேலை முடிஞ்சு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம இப்படித்தான் சாஞ்சு நிப்பாங்க. படத்தை நிறுத்திட்டு அவங்களுக்குப் போன் பண்ணேன்.”

டைரக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் பேய் தூங்கவில்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் மறுவேலை என்று, வெட்டி ஒட்டாத மூலப் பதிவை எடுத்துக் கடைக் கணினியில் போட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்த கல்லாக்காரப் பெண்ணும், கதவு இழைத்த தூசியோடு திருப்புளியும் பின்னால் வந்து நின்றார்கள்.

திருப்புளி கேமராவை நிறுத்துகிற பழக்கமில்லாதவன். அதனால் எல்லாம் இருந்தது. அரசி கதவைத் திறந்துகொண்டு வருகிறாள், கையைத் தூக்குகிறாள். இன்னொரு தடவை என்கிறது டைரக்டரின் குரல். மறுபடி வருகிறாள். இன்னொரு தடவை. பதினோரு தடவை. இடைவேளையில் டைரக்டரும் திருப்புளியும் தரையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அரசி போர்த்தியிருந்த வெள்ளை விரிப்பை எடுத்து, ஓரம் பிசகாமல் நாலாக மடிக்கிறாள். வேலைப் பழக்கம். மடித்ததை மறுபடி பிரித்துப் போர்த்திக்கொள்ளச் சொல்கிறான் தம்பி. “காலையில ஆறு மணிக்கு நிக்கணும்டா,” என்கிறாள். “சூப்பர்க்கா, அந்த மூஞ்சியை அப்படியே வச்சுக்கோ,” என்கிறான். பிறகு கதவில் சாய்கிறாள். கண் மூடுகிறது. வாய் லேசாகத் திறக்கிறது.

“தூங்கறாங்க,” என்றாள் கல்லாக்காரப் பெண். கையில் இருந்த டப்பாவை மூடிவிட்டாள்.

திருப்புளி, அன்றைக்கே தனக்குத் தெரியும் என்றான். பின்னே ஏன் சொல்லவில்லை என்று டைரக்டர் கேட்டதற்கு, நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே என்று பதில் வந்தது.

அப்புறம் கதவு பார்க்க வந்த ஒரு தம்பதிக்குக் குளியலறைக் கதவைக் காட்டச் சொன்னால், டைரக்டர் ஒவ்வொன்றையும் திறந்து மூடிக்கொண்டே போனானாம், விலை சொல்லாமல். கல்லாக்காரப் பெண் சொன்னது இது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

மாலையில் நிறுவனத்துக்குப் போன் செய்தான். திரும்ப எடுக்க முடியாது என்றான். ஏன் என்று கேட்டார்கள்.

“பேய்க்கு வேலை கிடைச்சிருக்கு சார்.”

அப்படியென்றால் வேறு பேய் வைக்கலாமே என்று அந்தப் பக்கம் பொறுமையாகவே சொல்லியிருக்கிறார்கள். மீதி அறுபது நிமிஷமும் இதே முகம்தானே சார், முகத்தை மாற்றினால் முழுப்படத்தையும் மாற்ற வேண்டும் என்றான். சரி, பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள். சினிமாவில் ‘பார்க்கலாம்’ என்றால் பார்க்கப்போவதில்லை என்று அவனுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுப்படியில் இருந்தாள். வாசற்படியிலேயே நின்று கேட்டான்.

“ஒண்ணாந்தேதி சேரணும்னா, முந்தின நாளே கிளம்பணுமேக்கா. வண்டி எத்தனை மணிக்கு?”

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எதுக்கு? வழியில ஷூட்டிங்கா?”

“இல்ல. பெட்டி தூக்க.”

அவள் கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, இதை அடிப்பிடிக்காமல் கிண்டு என்று சொல்லி, போய் உட்கார்ந்தாள். உள்ளிருந்து அம்மா, அப்படியானால் வீட்டைப் பார்த்துக்கொள்வது யார் என்று குரல் கொடுத்தாள். யாரும் பதில் சொல்லாததால் இரண்டாவது தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

முப்பதாம் தேதி காலை அக்கா கிளம்பினாள். ஒரு பெட்டி, ஒரு பை. மூன்று மாடியும் பெட்டியைத் தம்பிதான் இறக்கினான். அம்மாவின் முட்டிவலி அடுத்த வாரமே பாதி குறைந்துவிட்டது. டாக்டர் யாரும் மாறவில்லை, மகன் சமைத்ததை இரண்டு வேளை சாப்பிட்டதுதான் மருந்து. இப்போது அவளே எழுந்து அடுப்படிக்குப் போகிறாள்.

நிறுவனம் படத்தை வாங்கவில்லை. டைரக்டர் இன்னும் கதவுதான் விற்கிறான். பெண் பார்க்கிறார்கள், படம் எடுத்த விஷயத்தை முதல் சந்திப்பில் சொல்லாதே என்று அம்மா கட்டளை. கல்லாக்காரப் பெண்ணுக்கு அவன்மேல் ஒரு கண் இருந்ததாகக் குடியிருப்பில் நாங்களெல்லாம் பேசிக்கொண்டிருக்க, அவள் சத்தமில்லாமல் திருப்புளியைக் கட்டிக்கொண்டு, அவனுக்கு மரவேலை கிடைத்த ஊருக்குப் போய்விட்டாள். தெருவே ஏமாந்தது.

அக்கா போன இடத்திலேயே இருக்கிறாள். நாற்பத்தோரு வயதில், அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்; அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி உண்டு. கல்யாணத்துக்கு டைரக்டர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். அதை வீட்டில் வைத்துவிட்டு வந்து சாப்பிட்டுப் போடா என்று சொல்லிவிட்டாளாம்.