யாரும் கேட்காத படம்

1944 ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஹிண்டா ஷ்லோஸ் ஓர் எண்ணெய்த் தொட்டியின் நிழலை அளந்துகொண்டிருந்தாள். தொட்டி இருந்தது தெற்குப் போலந்தில், ஜெர்மன்காரன் நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் ஆலையில். ஹிண்டா இருந்தது தேம்ஸ் நதிக்கரையில், யாரோ ஒரு பிரபு போருக்காக விட்டுக்கொடுத்த மாளிகையின் பழைய நடனக்கூடத்தில். முப்பதாயிரம் அடி உயரத்தில் பறந்த விமானம் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நான்கு காலில் நின்ற இரட்டைக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால் தட்டையான படம் எழுந்து நிற்கும். புகைபோக்கி மூக்குக்கு நேரே நீளும். மூன்று வருடமாக இதே வேலைதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று அவளுக்குப் பெயர். ஒரு தொட்டிக்குக் கூரை புதிதாகப் போட்டிருக்கிறார்களா இல்லையா என்பதில் அவள் சொன்னதுதான் முடிவு.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கட்டுப் படத்தோடும் ஒரு மஞ்சள் சீட்டு வரும். எந்த அலுவலகம் கேட்கிறது, என்ன இடம், என்ன கேள்வி, எல்லாம் எண் போட்டு எழுதியிருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். கேட்காததை எழுதக்கூடாது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் படம் வந்து குவியும் இடத்தில் அவரவர் மனசுக்குப் பட்டதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் போர் முடிந்த பிறகும் அறிக்கை முடியாது. அது நியாயம்தான். விமானி ஆலைக்கு முன்னாலேயே கேமராவை முடுக்கிவிடுவான், தாண்டியும் கொஞ்ச நேரம் ஓட விடுவான். அப்படி முன்னும் பின்னும் மிஞ்சுகிற படங்களுக்கு இவர்கள் வைத்த பெயர் வால். வாலை யாரும் பார்ப்பதில்லை. எண்ணிக் கட்டிப் பெட்டியில் போடுவதோடு சரி.

அன்று ஹிண்டா வாலைப் பிரித்ததற்குக் காரணம் அளவுதான். தொட்டியின் உயரம் சரியாக வரவில்லை, எங்கோ கணக்கு உதைத்தது. வரைபடத்தில் நீளம் தெரிந்த ஏதாவது நேரான ரயில் பாதை கிடைத்தால் சரிபார்க்கலாம் என்று தேடினாள். ஆலையிலிருந்து ஐந்து மைல் தள்ளி ஒரு பாதை கிடைத்தது. பக்கத்து மேசை மேவிஸ் எட்டிப் பார்த்தாள். கார்ன்வால் கடற்கரைக்காரி. வாய்க்குப் பூட்டு கிடையாது.

"என்னடி, வாலைப் பிடிச்சுட்டு உக்காந்துட்ட? மாட்டைக் காணோமா?"

"மாடு அளவுக்கு ஒத்துவர மாட்டேங்குது."

பாதையிலிருந்து ஒரு கிளை பிரிந்து உள்ளே போனது. அதன் இரண்டு பக்கமும் கொட்டகைகள். வரிசை வரிசையாக, ஒன்றுபோலவே நூற்றுக்கணக்கில். முதலில் படைமுகாம் என்றுதான் நினைத்தாள். கிளைப்பாதையில் ஒரு சரக்கு ரயில் நின்றது. பழக்க தோஷத்தில் பெட்டிகளை எண்ணினாள், முப்பத்து மூன்று. ரயிலுக்குப் பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, வளைந்து, ஒரு வாசலை நோக்கிப் போயிற்று. அவள் கண்ணாடியை நகர்த்தி மறுபடி பார்த்தாள். கொட்டகைகள் எழுந்து நின்றன. பெட்டிகள் எழுந்து நின்றன. அந்தக் கோடு மட்டும் நிலத்தில் பதியாமல் மிதந்தது. எதனால் மிதக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே சில விநாடி இடைவெளி. அந்த இடைவெளியில் நகர்ந்த பொருள் கண்ணாடியில் ஒட்டாது. அது சுவரோ வேலியோ இல்லை. மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

கிளைப்பாதை, கொட்டகைகள், புகைபோக்கி வைத்த கட்டடங்கள். இவற்றைப் பற்றியெல்லாம் ஹிண்டா முன்பே கேள்விப்பட்டிருந்தாள். ஜூலையில் லண்டன் வைட்சேப்பலில் பெரெட்ஸ் மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில் கிரிக்கெட்டுக்குக் கீழே வந்திருந்த துண்டுச் செய்தியை மாமா சத்தமாகப் படித்துக் காட்டினார். அங்கிருந்து தப்பி வந்த இரண்டு பேர் சொன்னது. யூதர்களை ரயிலில் கொண்டுவந்து இறக்குகிறார்கள், நடத்திக் கூட்டிப் போகிறார்கள், அன்றைக்கே கொன்றுவிடுகிறார்கள். அம்மாவின் தங்கை ஃப்ரைடா சித்தி இரண்டு பெண்களோடு லோட்ஜ் நகரத்தில் இருந்தாள். செஞ்சிலுவைச் சங்கம் அனுமதிக்கும் இருபத்தைந்து வார்த்தைக் கடிதம் ஒன்று வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது.

மாமா தையல்காரர், படைக்கு மேலங்கி தைப்பவர். தெருவில் இன்னும் எட்டுப் பேரோடு சேர்ந்து ஒரு கமிட்டி வைத்திருந்தார். அந்த ரயில் பாதையில் குண்டு போடுங்கள் என்று மனுமேல் மனுவாக எழுதினார்கள். அமைச்சகத்திலிருந்து மரியாதையான பதில் வந்திருந்தது. கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தின் படங்கள் எதுவும் கைவசம் இல்லாததால் மேற்கொண்டு எதுவும் சொல்வதற்கில்லை.

அந்தப் படம் இப்போது ஹிண்டாவின் வலது கை விரல்களுக்கு நடுவில் இருந்தது.

அவள் பிரிவுத் தலைவர் டென்டிடம் எடுத்துப் போனாள். போருக்கு முன்னால் ரோமானியர் காலத்துச் சாலைகளை வயல்களில் தேடி அலைந்த மனிதர். நல்லவர், யாரையும் கடிந்து பேசாதவர். கண்ணாடியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிரும்போது அவர் முகம் வெளுத்திருந்தது.

"உக்காருங்க ஹிண்டா. நடக்கறாங்க, இல்ல?"

"ஆமா சார். அறிக்கை எழுதட்டுமா?"

"யார் கேட்டிருக்காங்க?"

"யாரும் கேக்கல."

"சீட்டு இல்லாம அறிக்கைக்கு எண் போட முடியாது. எண் இல்லாம அனுப்பினா அங்க வாங்கவே மாட்டாங்க. குப்பையிலதான் போகும்."

"கேக்கறவங்க படமே இல்லைன்னு நினைச்சுட்டு இருக்காங்க சார். அதான் கேக்கல."

டென்ட் பென்சிலை உருட்டினார். "சரி, நான் பேசிப் பாக்கறேன். ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? அங்க குண்டு போட்டா உள்ள இருக்கறவங்களும்தான் சாவாங்க."

"இந்த வரிசை எங்க சார் போகுது?"

டென்ட் தொலைபேசியை எடுத்தார். அவள் கண்முன்னாலேயே மூன்று இடங்களில் பேசினார். முதல் இடத்தில், அகதிகள் விவகாரம் எங்களுடையது அல்ல என்றார்கள். இரண்டாவது இடத்தில், எங்களுடையதுதான், ஆனால் விமானப்படையிடம் படம் கேட்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்றார்கள். மூன்றாவது ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போரைச் சீக்கிரம் ஜெயிப்பதுதான் அவர்களைக் காப்பாற்றும் வழி, அதற்கு எண்ணெய் ஆலையை உடைக்க வேண்டும், அந்தத் தொட்டி விவரம் எப்போது வரும் என்று கேட்டான். யாரும் கோபப்படவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. ஹிண்டாவுக்கு அதுதான் ஆத்திரமாக வந்தது. ஒருவன் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தால் அவனை வெறுத்துவிட்டாவது போயிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் மாமா வீட்டுக்குப் போனாள். ஆளில்லாமல் பறந்து வரும் ஜெர்மன் குண்டு விழுந்து தெருவின் ஜன்னல்களெல்லாம் போயிருந்தன. மாமா கண்ணாடிக்குப் பதில் மேலங்கித் துணியை ஆணியடித்திருந்தார். அத்தை உப்புக் கருவாட்டு மீனும் வெங்காயமும் வைத்தாள். மாமா தம்ளரில் கறுப்புத் தேநீரை ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு புதுக் கடிதத்தை நீட்டினார்.

"படி கண்ணு. இங்கிலீஷ்ல இவ்வளவு அழகா கை கழுவ முடியும்னு எனக்குத் தெரியாது."

தொழில்நுட்பக் கஷ்டங்கள் மிக அதிகம் என்பதால் யோசனையைத் தொடர இயலவில்லை என்று எழுதியிருந்தது. இரண்டு இடத்தில் வருந்துகிறோம் என்றிருந்தது.

"நீ விமானப்படையிலதானே இருக்க. ஏதாச்சும் காதுல விழுந்துச்சா?"

"அவளைக் கேக்காதீங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கா" என்றாள் அத்தை.

உண்மைதான். பார்த்ததை வெளியே சொன்னால் சிறை என்று படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். சிறையைவிட அவளைப் பயமுறுத்தியது வேறு. கூடத்தில் யூதப் பெண் அவள் ஒருத்திதான். சொந்தக்காரர்களுக்காக ரகசியத்தை வெளியே விட்டாள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால், இனி இவர்கள் யாரையும் நம்பக்கூடாது என்றுதான் முடிவாகும். மென்று முழுங்கிக்கொண்டு மீனை முள் பிரித்தாள்.

"எதுவும் தெரியாது மாமா."

மாமா தலையசைத்தார். கடிதத்தை மடித்து, பழைய கடிதங்களோடு பிஸ்கட் டப்பாவில் வைத்தார். ஃப்ரைடா சித்தியின் இருபத்தைந்து வார்த்தையும் அதே டப்பாவில்தான் இருந்தது. மூடி சரியாக உட்காரவில்லை. அவர் உள்ளங்கையால் அழுத்துவதைப் பார்த்ததும் ஹிண்டாவுக்குத் தாங்கவில்லை.

"மாமா, திரும்ப எழுதுங்க. குண்டு போடுங்கன்னு எழுதாதீங்க. படம் இல்லைன்னு சொன்னீங்களே, தேடிப் பாத்தீங்களான்னு மட்டும் கேளுங்க. ஆகஸ்ட்ல வந்த படத்தைத் தேடிப் பாத்தீங்களான்னு."

அத்தை கையிலிருந்த தட்டோடு நின்றுவிட்டாள். மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து போய்ப் பேனாவை எடுத்துவந்தார்.

"ஆகஸ்ட்ல, இல்ல?"

"நான் எதுவும் சொல்லல."

"நீ எப்ப கண்ணு சொன்ன? மீனைச் சாப்பிடு."

மறுநாள் முதல் ஹிண்டா தினமும் காலையில் வந்ததும் சீட்டுக் கூடையைத்தான் முதலில் பார்த்தாள். அமைச்சகம் தேடச் சொன்னால் ஒரு மஞ்சள் சீட்டு வரும். அந்த இடத்தின் பெயர் போட்டு, ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும். பதிலை அவள் எழுதியே வைத்திருந்தாள். கொட்டகைகளின் எண்ணிக்கை, கிளைப்பாதையின் நீளம், புகைபோக்கிக் கட்டடங்கள் நான்கும் எங்கெங்கே, எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கியது. கூடையில் பாலங்கள் வந்தன, படகுத்துறைகள் வந்தன, ஹாலந்தில் ஒரு கால்வாய் வந்தது. காதலன் கடிதத்துக்குக்கூட இப்படி யாரும் காத்திருந்ததில்லை என்று மேவிஸ் சீண்டினாள். ஒன்பதாம் நாள் மாமாவிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. பதில் வந்துவிட்டது, விஷயம் முடிந்துவிட்டதாகக் கருதுகிறார்களாம், தேடினீர்களா என்று கேட்டதற்கு அதில் ஒரு எழுத்துகூட இல்லை, அத்தை உனக்குக் காலுறை பின்னுகிறாள்.

செப்டம்பர் பாதியில் அமெரிக்க விமானங்கள் இத்தாலியிலிருந்து போய் ஆலையைத் தாக்கின. மறுநாள் படங்கள் வந்தன, சீட்டும் வந்தது. ஆலைச் சீட்டுதான். எத்தனை குண்டு விழுந்தது, எந்தக் கட்டடம் போயிற்று, வேலை எத்தனை நாள் நிற்கும் என்று மூன்று கேள்வி. ஹிண்டா குழிகளை எண்ணினாள். கொதிகலன் கட்டடத்தில் இரண்டு, தொட்டிகளுக்கு நடுவில் ஒன்பது, வெறும் வயலில் ஏராளம். போட்ட கணக்குக்கும் எண்ணிய கணக்குக்கும் சில குண்டு உதைத்தது. வாலைப் பிரித்தாள்.

அங்கேதான் விழுந்திருந்தன. ஐந்து மைல் தள்ளி. குறி தவறியோ, கொக்கி சிக்கித் தாமதமாகக் கழன்றோ, யாரும் நினைக்காமல் விழுந்தவை. கிளைப்பாதைக்குப் பக்கத்தில் புதிதாய் ஒரு குழி, தண்டவாளத்தைத் தொட்டும் தொடாமலும். மாமாவின் கமிட்டி இரண்டு மாதமாகக் கேட்டது, தொழில்நுட்பக் கஷ்டம் என்று சொல்லப்பட்டது, தப்பித்தவறி நடந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நிற்காது என்று தோன்றியதால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டென்ட் வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். அவருக்கும் புரிந்தது.

"என்ன சார் எழுதறது?"

"சீட்டுல இருக்கறதை எழுதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலாவது கேள்வி பின்பக்கம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

அவள் சீட்டைத் திருப்பினாள். இலக்குக்கு வெளியே வீணாய் விழுந்த குண்டுகள் எத்தனை, எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் என்று துல்லியமாகக் குறிப்பிடவும். அடுத்த முறை அங்கே விழாதபடி திருத்திக்கொள்வதற்காக.

ஹிண்டா அளவுகோலை வைத்தாள். தூரம் கெஜக் கணக்கில் வந்தது, திசை பாகைக் கணக்கில் வந்தது. மூன்று வருடத்தில் ஓர் எண்ணைக்கூட அவள் தப்பாக எழுதிக் கொடுத்ததில்லை.

"முடிஞ்சுதாடி? வண்டிக்காரன் வாசல்ல நிக்கறான்" என்று மேவிஸ் தாளுக்குக் கை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம்."

மூன்று கேள்விக்கும் பதில் எழுதியாகிவிட்டது. நான்காவதற்கு எதிரே பென்சில் முனையை வைத்துக்கொண்டு, ஹிண்டா மறுபடி கண்ணாடியில் குனிந்தாள். கொட்டகைகள் எழுந்து நின்றன. குழி கீழே இறங்கியது. குழிக்கு இந்தப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி, சின்னச் சின்னப் புள்ளிகள் நிலத்தில் பதியாமல் மிதந்துகொண்டிருந்தன.