கைத்துணியின் மறுமுனை

1.

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீர்க்கரையில், நீருக்குள் ஊன்றிய தூண்கள்மேல் நிற்கும் அந்த உயர்தர உணவகத்தின் மேலாளருக்கு நான் எழுதிய முதல் வாக்கியம்: 'ஐயா, தங்கள் உணவுப் பட்டியலில் ஐந்து பிழைகள் உள்ளன.'

முப்பத்திரண்டு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். பணி ஓய்ந்தாலும் சட்டைப்பையில் சிவப்புப் பேனா ஓயவில்லை. 'ஒரு இனிய அனுபவம்' என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தங்கத்தில் அச்சிட்டுவிட்டால் 'ஒரு' என்பது 'ஓர்' ஆகிவிடுமா? சுட்ட மீனுக்கு 'அலைகளின் நினைவு' என்று பெயர். நினைவை எப்படி ஐயா மெல்வது?

இரண்டாம் பத்தியை இப்படித் தொடங்கினேன்: 'ஆயினும், அன்று எங்கள் மேசையைக் கவனித்த பணிப்பெண்...' அந்த 'ஆயினும்' என் கையைப் பிடித்து வேறு பக்கம் கூட்டிப்போய்விட்டது.

2.

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'மாலைக் கதிரவனின் பொற்கதிர்கள் நீரின்மேல்...' வேண்டாம்.

'வீரத்தின் மறுபெயர் என் மருமகள்.' மேடைப்பேச்சு. அடித்துவிட்டேன். (பொய்யில்லை, ஆனாலும் அடித்துவிட்டேன்.)

'மருமகள் நீருக்கடியில் வேலை செய்கிறாள்.' இது இருக்கட்டும்.

பாலங்களையும் படகுத்துறைகளையும் தாங்கும் தூண்களை மூழ்கிச் சோதிப்பது அவள் தொழில். பதினோர் ஆண்டுகளாக அவள் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் படகில் நின்று பிடித்தவர் ஒருவரே. குழுவினர் அவரை 'நங்கூரம்' என்பார்கள். கயிறு கையில் இருக்கும்வரை வாய் திறக்கமாட்டார், தும்மலைக்கூட விழுங்கிவிடுவாராம்.

சென்ற வாரம் மருமகள் அக்குழுவின் தலைவியானாள். விருந்து அதற்காக. இனி அவள் மூழ்கமாட்டாள். யார் மூழ்குவது, யார் கயிறு பிடிப்பது என்று பட்டியலிடுவாள். முதல் பட்டியலில் மறுநாள் காலை எட்டு மணிக்குள் கையெழுத்திட வேண்டும். காரில் போகும்போது பின்னிருக்கையில் அவள் என் மனைவியிடம் சொன்னாள்:

"நங்கூரம் அண்ணாவோட வலது கையில ரெண்டு விரலுக்கு உணர்ச்சியே இல்ல அத்தை. போன வாரம் கீழ இருந்து இழுத்தேன், அவருக்குத் தெரியவே இல்ல. மறுபடி இழுத்தப்புறம்தான் பதில் வந்தது."

"டாக்டர்கிட்ட காட்டினாராமா?"

"யார்கிட்டயும் மூச்சு விடல. என்கிட்டகூட."

"அப்ப நாளைக்குப் பட்டியல்ல?"

"அவர் பேரை எழுதினா, கீழ போறவன் உயிரோட விளையாடற மாதிரி. எழுதலேன்னா, அவரை நானே கரையில உக்கார வெச்ச மாதிரி. நீங்களே சொல்லுங்க."

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது அரிய நிகழ்ச்சி.

[குறிப்பு: ஒட்டுக்கேட்பது இழுக்கு என்பதை அறிவேன். முன்னிருக்கையில் அமர்ந்தவன் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?]

3.

மேசை சன்னலோரம். கண்ணாடிக்கு அப்பால் நீர். மருமகள் உட்காருமுன் பக்கத்துத் தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"இங்கயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றான் மகன்.

"இது நான் பாத்த தூண்தான். நல்லாருக்கு. பயப்படாம சாப்பிடு."

நங்கூரம் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார்.

"தலைவியம்மா, உக்காரலாமா? உத்தரவு வேணுமா?"

"அண்ணா, அடி வாங்கப் போறீங்க."

"அடிம்மா அடி. இனிமே நனையாமலே அடிக்கலாம்."

முதல் வரைவில் இந்த இடத்தில், 'அவர் நாகரிகமின்றி இடக்கையால் உண்டார்' என்று, அன்று முதலில் நினைத்ததையே எழுதியிருந்தேன். என் சினத்துக்கு எவ்வளவு அவசரம் என்பதை நீங்கள் அறிய, அவ்வாக்கியத்தை அப்படியே விடுகிறேன். இரண்டு கவளம் போன பிறகே கார்ப் பேச்சு நினைவுக்கு வந்தது. வலக்கை மடிமேல், மேசைவிரிப்புக்கு அடியில் கிடந்தது.

மருமகளும் பார்த்தாள். பார்க்காதவள்போல் ரொட்டியைப் பிய்த்தாள். அப்போது அவள் மனத்தில்... (அவள் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்கு எப்படித் தெரியும்? பிய்த்த ரொட்டியை அவள் தின்னவில்லை. அது தெரியும்.)

பணிப்பெண்ணும் பார்த்துவிட்டார். நடுவயது, வாரி முடிந்த கொண்டை, ஓசையில்லாத நடை. அடுத்த தட்டு வருமுன் நங்கூரத்தின் கரண்டி இடப்பக்கம் இடம்பெயர்ந்திருந்தது. மீன் வந்தது, ஐந்து தட்டிலும் துண்டு துண்டாக நறுக்கியே வந்தது.

"முழு மீன்னுதானே போட்டிருக்கு?" என்றான் மகன்.

"இன்னிக்கு இப்படித்தாங்க சார்" என்றார் அவர், புன்னகையோடு.

ஐவருக்கும் நறுக்கியதால் ஒருவருக்கென்று நறுக்கியது எவர் கண்ணிலும் படவில்லை. எழுத்துப் பிழைகளை வட்டமிட்டுக்கொண்டிருந்த நான் பேனாவை மூடிப் பைக்குள் செருகினேன்.

என் மனைவி பேச்சை மாற்றினாள். "தண்ணிக்குள்ள எப்படித்தான் பேசிப்பீங்க?"

"ஒலிவாங்கி இருக்கும்மா. பாதி நேரம் கரகரங்கும்" என்றார் நங்கூரம். "கயிறுதான் கணக்கு. மேல இருந்து ஒரு இழுப்பு இழுத்தா, 'நல்லாருக்கியா'ன்னு அர்த்தம். கீழ இருந்து ஒண்ணு வந்தா, நல்லாருக்கா. நாலு வந்தா, 'என்னைத் தூக்கு'."

["ஓர் இழுப்பு" என்பதே சரி. அன்று திருத்தத் தோன்றவில்லை.]

"ஏன் தூக்கணும்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கக் கூடாது. மேல வந்தப்புறமும் கேக்கக் கூடாது. எங்க வழக்கம் அது. இவ ரெண்டு தடவை நாலு இழுத்திருக்கா. ஏன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது."

மருமகள் தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தாள்.

4.

இனி முடிவு. ஒரு வரைவில் நங்கூரம் எழுந்து நின்று, கண்ணீர் மல்க, ஒன்றரைப் பக்கம் பேசினார். என் மனைவி படித்தாள்.

"இவரு எப்பங்க இவ்வளவு பேசினாரு? நீங்க பேசறீங்க."

இன்னொன்றில் புயல் வந்தது, தூண் சரிந்தது, உணர்ச்சியற்ற அதே கையால் அவர் எங்கள் நால்வரையும் காப்பாற்றினார்.

"அந்த ஓட்டல் இன்னும் கல்லு மாதிரி நிக்குது. நடந்ததை எழுதப் பயமா இருந்தா, பேசாம அந்தப் புகாரையே அனுப்புங்க."

பயம்தான். வியப்பைப் பிழையின்றி எழுதுவது சினத்தை எழுதுவதுபோல் எளிதன்று.

5.

நடந்தது இது.

இனிப்புக்குக் காத்திருந்தபோது மருமகள் தன் கைத்துணியை எடுத்து முறுக்கினாள். ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மறுமுனையை மேசைக்கடியில் நங்கூரத்தின் மடிமேல் போட்டாள். அவளுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது, அதனால் பார்த்தேன்.

மகனிடம் ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தவர் பாதிச் சொல்லில் நிறுத்தினார். கையில் கயிறு இருக்கும்போது அவர் பேசுவதில்லை.

அவள் ஒருமுறை இழுத்தாள்.

பதினோர் ஆண்டுகளாக அக்கேள்வியைக் கேட்டவர் அவர். அவரிடம் அது கேட்கப்பட்டது அன்றுதான். பதில் வரவில்லை. அவள் மறுபடி இழுக்கவில்லை; முகத்தையும் திருப்பவில்லை; சன்னலைப் பார்த்தபடி காத்திருந்தாள். துணி அவருடைய வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறியது. பிறகு விறைத்தது. நான் எண்ணத் தயாரானேன். ஒன்று...

பணிப்பெண் இனிப்புத் தட்டுகளோடு எங்களிடையே குனிந்தார். அவர் விலகியபோது மருமகள் துணியை நான்காக மடித்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். நங்கூரம் இனிப்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். எவரும் எவரையும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் எட்டு மணிக்குப் பட்டியலில் கையெழுத்தாயிற்று. அதில் யார் பெயர் என்று நானும் கேட்கவில்லை. அவர்கள் வழக்கம் எனக்கும் பிடித்துப்போயிற்று. கடிதத்தையும் அனுப்பினேன், நன்றிக் கடிதம். பின்குறிப்பில் மட்டும் அந்த 'ஓர்'.

எஞ்சியிருப்பது ஒரு வாக்கியம். எண்ணாததை எண்ணியதாக எழுத எனக்கு உரிமையில்லை. ஆகவே, வாசகரே, கோடிட்ட இடத்தை நிரப்புக:

மேசைக்கடியில் அவர் ________ முறை இழுத்தார்.

என் மனைவி பென்சிலால் விடை எழுதி வைத்திருந்தாள். அழித்துவிட்டேன். பார்த்து எழுதக் கூடாது.