சூரியனுக்கு முதுகு காட்டினால்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். அன்று காலையில் அது மூக்கையும் தாண்டிவிட்டது.

மூன்று மணிக்குத் தேர்வுக் குழு வருகிறது. நானும் சஜினும் உருவாக்கிய சின்னச் செயற்கைக்கோளைக் கணினிக்குள் ஓடவிட்டுக் காட்ட வேண்டும். எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தாலும் அது தானாகத் திரும்பிச் சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும். நின்றால் ராக்கெட்டில் எங்களுக்கு இடம். நிற்காவிட்டால் இரண்டு வருஷ உழைப்பும் அலமாரிக்குள்.

எப்படிக் கிடத்தினாலும் சமர்த்தாகத் திரும்பியது, ஒரே ஒரு நிலையைத் தவிர. சூரியனுக்கு நேர் முதுகு காட்டி வைத்தால் இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று நடுங்கிக்கொண்டே நின்றது. பேட்டரி தீர்ந்து திரை இருண்டது.

'எந்தப் பக்கம் கிட்டமோ அந்தப் பக்கம் திரும்பு' என்பது சஜின் எழுதிய கட்டளை. சூரியன் நேர் பின்னால் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே தூரம். சென்ஸாரில் மயிரிழை பிசகினால்கூட ஒரு கணம் இடது கிட்டம் என்று தோன்றும், மறு கணம் வலது. பாவம், அது என்ன செய்யும்?

"எப்பவும் இடதுன்னு வச்சா எந்தா?" என்றான் சஜின். பாறசாலைக்காரன், பேச்சில் பாதி மலையாளம், மூளை தங்கம்.

"வலது பக்கம் ஒரு சாண் திரும்பணும்னாக்கூட ஊரையே சுத்திண்டு வரும். பேட்டரியை உங்க மாமாவா குடுப்பார்?"

"குழு அப்படி வச்சுப் பாக்கவே செய்யாது, சுப்ரியா."

"அதைத்தான் முதல்ல வெச்சுப் பார்ப்பா. நானா இருந்தா அதான் பண்ணுவேன்."

வயிறும் காய்ந்தது. கேண்டீனுக்குப் போனோம். சஜின் பொறோட்டா சொன்னான். பக்கத்து மேஜைக்கு மீன் குழம்போடு சாப்பாடு போனது. "சேட்டா, பொறோட்டா வேண்டா, ஊணு மதி" என்று சாப்பாட்டுக்கு மாறினான். அடுத்து ஒரு மசால்தோசை எங்களைக் கடந்தது. "சேட்டா, ஒரு நிமிஷம்..." பரிமாறுகிறவர் இடுப்பில் கை வைத்து நின்றார். இவன் எப்போதும் இப்படித்தான். எனக்குத் தாங்கவில்லை.

"ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்! அதைவிட ரொம்ப நன்னா இருந்தா மட்டும் மாத்து. இத்துனூண்டு வித்தியாசத்துக்கெல்லாம் மாத்திண்டே இருந்தா பட்டினிதான் கிடப்பே!"

கேண்டீனே திரும்பிப் பார்த்தது. சஜின் என்னையே பார்த்தான்.

"நீ இப்பம் எந்து சொன்னே?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சஜின் தன்னைப் போலவே ஒரு செயற்கைக்கோளை எழுதி வைத்திருக்கிறான்!

ஓடினோம். கடைசியாக எந்தப் பக்கம் திரும்ப முடிவெடுத்தது என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளட்டும். மறுபக்கம் நல்ல அளவுக்குக் கிட்டமானால் ஒழிய மாற்ற வேண்டாம். இவ்வளவுதான். நேர் முதுகு காட்டி வைத்து ஓடவிட்டோம். ஒரு தரம் சிலிர்த்தது. பிறகு வலது பக்கமாக, யானை திரும்புவதுபோல், நிதானமாகத் திரும்பியது.

"திரும்பறது! சஜின், திரும்பறது!" நான் நாற்காலிமேல் ஏறியே விட்டேன்.

குழுத் தலைவர் பத்மகுமார் வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "சூரியனுக்கு நேர் முதுகா வச்சுக் காட்டு." சென்ஸார் பிழையையும் அவரே கூட்டினார். செயற்கைக்கோள் திரும்பிச் சூரியனைப் பார்த்து நின்றது.

அவர் சிரித்தார். "சீக்கிரம் கிளம்பற ராக்கெட்ல ஓர் இடம் உண்டு. இல்லேன்னா அடுத்த வருஷம். எது வேணும்? இப்பவே சொல்லணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் சஜின் சொன்னான்: "முதல்ல போறது, சார்."

குதித்துக்கொண்டே படியிறங்கினோம். பாதிப் படியில் அவன் நின்றான்.

"சுப்ரியா... அடுத்த வருஷம்னு சொல்லியிருந்தா கொஞ்சம் கூடுதல் டைம் கிட்டியிருக்கும், அல்லே?"

"எவ்வளவு?"

யோசித்தான். முகம் மலர்ந்தது.

"கொஞ்சம்தான். மாத்தண்டாம்."