ஏழாவது கேள்வி

கோழி நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘நச்சரிப்பு அக்கா’ என்றுதான் பெயர். எந்தப் பண்ணைக்காரர் வந்தாலும் படிவத்தின் ஏழாவது கேள்வியை மூன்று தடவை கேட்பாள்: கடந்த பத்து நாளில் மருந்து ஏதும் கொடுத்தீர்களா? மருந்து உள்ளே போயிருந்தால், சாம்பிளைத் தடவி வைக்கும் தட்டில் கிருமி வளராது, நோய்க்கோழியும் நல்ல கோழி வேஷம் போட்டுவிடும். அதனால்தான் அந்த நச்சரிப்பு.

அப்பேர்ப்பட்டவள், அண்ணனின் பண்ணையில் என்ன செய்தாள் தெரியுமா? முதல் கொட்டகையில் இருபது கோழிகளுக்குப் பஞ்சுக்குச்சி விட்டுச் சாம்பிள் எடுத்தாள். ஏழாவது கேள்விக்கு நேராக ‘இல்லை’ என்று தானே கிறுக்கினாள். கூடப்பிறந்தவனைப் போய்ப் போலீஸ்காரி மாதிரி விசாரிப்பதா என்று ஒரு கூச்சம். பாவி, அந்த ஒரு நிமிஷக் கூச்சம்!

நான்காம் நாள் தட்டுகள் பளிச்சென்று இருந்தன. “ஒண்ணும் இல்லண்ணா, நிம்மதியா இரு” என்று போனில் சொன்னாள். அதை நம்பி அவன் முதல் கொட்டகைச் சேவல்களை மற்ற மூன்று கொட்டகைகளுக்கும் பிரித்து விட்டான்.

மூன்றே வாரம். நான்கு கொட்டகையிலும் கோழிகள் பச்சையாகக் கழிந்து கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. மறு சாம்பிளில் தட்டு முழுக்கச் சால்மொனெல்லா கிருமி. ஒன்றுவிடாமல் அழிக்க உத்தரவு வந்தது. முதலிலேயே கண்டுபிடித்திருந்தால் ஒரு கொட்டகையோடு போயிருக்கும். பதினைந்து வருஷம் நாயாய் உழைத்தவன் இப்படி வெறுங்கையோடு நிற்கமாட்டான்.

அழிக்கும் நாளன்று அவளும் போனாள். அண்ணன் வாசல் கேட்டருகே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான்.

“அண்ணா, நான் அன்னைக்கு வர்றதுக்கு முன்னாடி மருந்து ஏதாவது குடுத்தியா?”

“குடுத்தேனே. முதல் கொட்டகைல கொஞ்சம் சோர்ந்திருந்துச்சுங்க. நாலு நாள் தண்ணில கலந்து வச்சேன்.”

“ஏண்ணா சொல்லல?”

“நீ கேக்கலையே பாப்பா. நீ எல்லார்கிட்டயும் மூணு தடவ கேப்பேன்னு சொல்லுவாங்க. என்கிட்ட கேக்கலைன்னதும், நீ பாத்தே கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சேன்.”

குரலில் கோபமே இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அழிப்புக் கோப்பில் சேர்க்கக் கொண்டுவந்திருந்த புதுப் படிவத்தை மடியில் வைத்து, ஏழாவது கேள்விக்கு நேராக ‘ஆம்’ என்று எழுதினாள்.