ஏழாம் எண் மனிதர்

1957ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடராஜனை நுரையீரல் நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குணமாக ஒரு வருடமாவது ஆகும் என்றார் டாக்டர். மலாக்கா நகரின் கஜா பேராங் பகுதியில் வாடகை வீட்டில் அவன் மனைவி சிவகாமசுந்தரியும் ஆறு வயது மகள் கோகிலாவும் தனியாக இருந்தார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக வழியில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவள். பழைய டைப்ரைட்டர் ஒன்றும் வீட்டில் இருந்தது.

ஆங்கிலப் பேப்பரில் ஒரு சின்ன விளம்பரம் அவள் கண்ணில் பட்டது. வீட்டிலிருந்தே டைப் அடித்துத் தர ஆள் தேவை, வேலை தபாலில் வரும், சிங்கப்பூரில் உள்ள இந்தத் தபால் பெட்டிக்கு எழுதுங்கள், ஆண்கள் மட்டும். அவள் கணவன் பெயரில் எழுதிப் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கும் என்பதால், ஜாலான் பெண்டஹாரா தெருவில் நடராஜனின் சிநேகிதர் கருணாகரன் வைத்திருந்த துணிக்கடையை விலாசமாகக் கொடுத்தாள்.

வேலை கிடைத்தது. மூன்று மாதம் விலைப்பட்டியல்களும் கம்பெனிக் கடிதங்களும் வந்தன. யாருக்காக வேலை செய்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. வேலை கொடுத்தவர்களும் அவளைப் பார்த்ததில்லை.

மே மாதம் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே பென்சிலில் எழுதிய தாள்கள். வேலை ரகசியமானது, எழுதிய தாள்களையும் சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மேலே ஒரு குறிப்பு. பன்னிரண்டு ஆட்களைப் பற்றிய விவரம் அது. பெயர் இல்லை, எண் மட்டும். வயது, உடல்வாகு, வீடு இருக்கும் இடம், கிளம்பும் நேரம், கூட யார் வருவார்கள் என்பது. ஏதோ இன்சூரன்ஸ் விசாரணை என்று நினைத்து, வழக்கம்போல் கார்பன் வைத்து அடித்துக்கொண்டே போனாள்.

ஏழாம் எண்ணில் விரல் நின்றது.

‘மலாக்கா, கஜா பேராங். பச்சைக் கதவு வீடு. இடது கால் சற்று இழுக்கும். காலை 5.45க்கு சைக்கிளில் கிளம்புவார். வெள்ளிக்கிழமை தனியாகப் போவார். பக்கத்து வீட்டில் ஒரு பெண், ஒரு சிறுமி. ஆண் இல்லை. இடையூறு இராது.’

பச்சைக் கதவு வீடு யூசுப்புடையது. ஆற்றங்கரைக் கிடங்குத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் அவர். பக்கத்து வீட்டுப் பெண் அவள்தான்.

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். யாரோ ஒருவன் இந்தத் தெருவில் நின்று அவள் வீட்டைப் பார்த்திருக்கிறான், கோகிலாவைப் பார்த்திருக்கிறான். எந்த மரத்தடியில் நின்றான், எத்தனை நாள் நின்றான்? மலாயாவில் அவசரகாலச் சட்டம் இருந்த நேரம் அது. விசாரணை இல்லாமலே ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பட்டியல் யாருடையதாக இருந்தாலும் அடித்தது அவள் மெஷின். அதில் வால் உடைந்த எழுத்து ஒன்று இருந்தது; அது போதும், காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தாள். மூன்றாம் நாள் துணிக்கடைக்குப் போனபோது கருணாகரன் அவளை உள்ளே கூப்பிட்டார்.

“ஒரு ஆளு வந்து நடராஜன் எங்கன்னு கேட்டான்மா. வேலை ஏன் லேட்டுன்னான். தெரிஞ்ச முகம் இல்ல.”

“என்ன சொன்னீங்க?”

“வெளியூர் போயிருக்காரு, நாளைக்கு வந்துருவாருன்னு சொல்லிட்டேன். ஏதும் பிரச்சினையாம்மா?”

“ஒண்ணும் இல்லண்ணே,” என்றாள். வீடு வந்து சேரும்வரை பின்னால் கேட்ட ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். யூசுப் இரண்டு முறை படித்தார். அவர் மனைவி பீவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“போலீஸா இருக்குமாண்ணே?” என்று கேட்டாள் சிவகாமசுந்தரி.

“போலீஸ் நேரா வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போயிரும், தங்கச்சி. மறைஞ்சு நின்னு மணி பாக்காது. ஸ்ட்ரைக் வருதுல்ல, அதை உடைக்க முதலாளிங்க பிடிச்ச அடியாளுங்க.”

“அனுப்பாம விட்டுடவா?”

“விட்டா உங்களைத் தேடி வருவான்.”

சிவகாமசுந்தரி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “பென்சில்லதான் எழுதியிருக்கான். அஞ்சை அழிச்சு ஆறாக்கிடறேன். அதே மாதிரி அடிச்சும் அனுப்பிடறேன்.” அன்றிரவே அப்படியே செய்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன் பீவி செமாபோக்கில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். யூசுப் ஐந்தரைக்கே கிளம்பினார். ஆறரை மணிக்கு ஒரு கறுப்புக் கார் தெருமுனையில் வந்து நின்றது. உள்ளே மூன்று பேர். சிவகாமசுந்தரி ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக் கார் எண்ணைக் கையில் எழுதிக்கொண்டாள். ஏழரை வரைக்கும் கார் நகரவில்லை. பிறகு ஒருவன் இறங்கி நேராக அவள் வாசலுக்கு வந்து கதவைத் தட்டினான்.

திறக்காமல் இருந்தால் சந்தேகப்படுவான். திறந்தாள்.

“பக்கத்து வீட்டுக்காரரு கெளம்பிட்டாரா?”

“தெரியலைங்க. கல்யாணத்துக்குப் போறதா பேசிக்கிட்டாங்க.”

அவன் பார்வை அவள் தோளைத் தாண்டி மேசைக்குப் போனது. “டைப் மெஷினா?”

“வீட்டுக்காரரோடது. ஆஸ்பத்திரில இருக்காரு.” எண் எழுதிய கையை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

மெஷினை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு போனான். கார் போன பிறகும் அவளால் கதவுப் பிடியை விட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்தது. பக்கத்து ஊரான மூவாரில் சுப்பையன் என்ற சங்கத் தலைவரை, காலை ஆறு மணிக்கு மீன் மார்க்கெட் பின் சந்தில், இரும்புக் கம்பியால் அடித்து இரண்டு காலையும் உடைத்திருந்தார்கள். பட்டியலில் மூன்றாம் எண் அவர்தான். மீன் மார்க்கெட், பின் சந்து, காலை ஆறு. ஒரு பிழையும் இல்லாமல் அவள்தான் அடித்து அனுப்பியிருந்தாள்.

“மத்த பதினோரு பேரை நான் நினைக்கவே இல்லண்ணே,” என்று, செமாபோக்கில் பீவியோடு தங்கியிருந்த யூசுப்பிடம் போய்ச் சொன்னாள்.

“நானும்தான் நினைக்கல,” என்றார் அவர்.

அன்றே யூசுப் சங்கங்கள் வழியாக மற்றவர்களுக்கு ஆள் அனுப்பினார். சிவகாமசுந்தரி கார்பன் பிரதியோடும் கார் எண்ணோடும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். திரும்பி வருவேனா என்று தெரியாததால் கோகிலாவைப் பீவியிடம் விட்டிருந்தாள். யார் டைப் அடித்தது என்று இன்ஸ்பெக்டர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான்தான் என்றாள். மத்தியானம் வரை உட்காரவைத்து, டைப்ரைட்டரை எடுத்து வைத்துக்கொண்டு, அவளை விட்டுவிட்டார்கள். காரில் வந்த மூவரும் அந்த மாதமே பிடிபட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து வேலை அனுப்பியவன் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

ஜூலையில் அவள் யூசுப்போடு மூவார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனதைவிட அந்த வார்டுக்குள் நுழைவதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மாவுக்கட்டோடு படுத்திருந்த சுப்பையனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

“லிஸ்டுல எத்தனை பேரும்மா?”

“பன்னிரண்டு பேருங்க.”

“மத்தவங்க?”

“நல்லா இருக்காங்க.”

“சரி,” என்று சொல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.