இருபத்தேழாம் நம்பர் பாயிண்ட்

நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இரண்டு சொற்களை மட்டும் விட்டிருக்கிறேன். இரண்டும் லோதார் சொன்ன வசவுகள்.

அடக்கத்தன்று காலை ரோஸ்விதா கறுப்பு உடையோடு நிலவறைப் படிகளில் இறங்கியபோது பொம்மை ரயில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கணவர் எக்ஹார்ட் போன வாரம் ரயில் ரிமோட்டைப் பிடித்தபடி அங்கிருந்த நாற்காலியிலேயே போய்விட்டார். ரயிலுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

எக்ஹார்ட்டின் தம்பி லோதார் பிளக்கில் கைவைத்தான்.

"புடுங்கிடவா?"

"கைய எடு. மெயின் லைன்ல வண்டிய அம்போன்னு விடுறது உங்கண்ணனுக்கு ஆகாது. மொதல்ல இது ஷெட்டுக்குப் போகட்டும். அப்புறம் அவர அனுப்பலாம்."

"கல்லறைல பாதிரியார் காத்துட்டிருக்காரு, ரோஸ்விதா."

"இருக்கட்டும். நித்தியத்தப் பத்தி அவர்தானே பேசுவாரு."

ஷெட்டுக்குத் தண்டவாளம் பிரியும் இடத்தில், வண்டியைத் திருப்பிவிட ஒரு பாயிண்ட். எல்லாப் பாயிண்டுக்கும் நம்பர் உண்டு. எதற்கு எது என்பது எக்ஹார்ட்டுக்கு மட்டுமே தெரியும். கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் ரோஸ்விதா தொடக்கூடாத பொருள் ரிமோட் ஒன்றுதான். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

ஒன்றை அழுத்தினாள்: கைகாட்டி இறங்கியது. நான்கு: மேலே சமையலறை ரேடியோ பாடியது. ஒன்பது: பக்கத்து வீட்டு ஹன்னலோரேயின் ஜன்னல் திரை சரசரவென்று ஏறியது, உடை மாற்றிக்கொண்டிருந்தவள் அலறியது கீழே வரை கேட்டது. பதினாறு: தேவாலய மணி அடித்தது; கடைத்தெருவில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இருபத்திரண்டு: ஊர் எல்லையில் நிஜமான ரயில்வே கேட் மூடிக்கொண்டது, சவப்பெட்டி வண்டி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

"இவ்வளவு வயர் எப்ப இழுத்தாரு?" என்றான் லோதார்.

"வெட்டியா கெடக்குறாருன்னு நீதானே சொல்லிட்டுத் திரிஞ்ச?"

இருபத்தேழை அழுத்தினாள். பாயிண்ட் ஷெட்டுப் பக்கம் திரும்பிவிட்டதாக ரிமோட்டின் திரை காட்டியது. ரயில் நேராகவே போனது.

"திரும்பிருச்சுன்னு காட்டுதே!"

"அது நாம சொன்னதத்தான் காட்டும், நடந்ததக் காட்டாது. எதச் சொன்னாலும் உங்கண்ணன் 'ம்'னு சொல்லுவாரே, அது மாதிரி."

குனிந்து பார்த்தாள். பாயிண்டின் இடுக்கில் ஒரு துணுக்கு. தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி அதை நெம்பி எடுத்தாள். கேக். சர்க்கரை வியாதிக்காரர் இருந்த அந்த வீட்டில் பல வருஷமாகக் கேக் கிடையாது.

முகர்ந்தாள்.

"ஹன்னலோரே செஞ்சது. பட்டைய அள்ளிப் போடுவா."

லோதார் கூரையைப் பார்த்தான்.

அவள் அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு வாயில் போட்டு மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு."

மறுபடி அழுத்தினாள். டக். ரயில் வளைந்து ஷெட்டுக்குள் போனது. வேகக் குமிழைப் பூச்சியம் வரை திருப்பினாள். எஞ்சினின் சின்ன விளக்கு மட்டும் சுவரில் ஒரு வட்டமாக நின்றது. அதைப் பார்த்தபடியே ரிமோட்டை லோதாரிடம் நீட்டினாள்.

"கேட்டத் தொறந்து விடு. உங்கண்ணன் அங்க நிக்கிறாரு."

ஒரு தகவல்: நெக்கார் நதி வருஷா வருஷம் வெள்ளமாக ஏறி வருவதால், எங்கள் தெருவில் அந்த வீடு உட்பட எதற்கும் நிலவறை கிடையாது.