சன்னலில் அசைந்த துண்டு

அலவாய் மலையின் முகட்டில் காலைக் கதிரவன் பொன்னை உருக்கி வார்த்தாற்போல் ஒளி பரப்ப, அடிவாரத்து வெண்ணந்தூரின் தறித்தெருக்கள் அதற்கு முன்னரே விழித்து, ஓயாது பெய்யும் கல்மழைபோல் ஒலித்துக்கொண்டிருந்தன. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் பணியேற்ற உஷாராணி பள்ளி முற்றத்தில் அமர்ந்திருந்தாள். பரமத்தி வேலூரின் வெற்றிலைக் கொடிக்கால்களிடையே வளர்ந்த அவள் இவ்வூருக்குப் புதியவள். மும்முறை தட்டியும் திறவாத நாற்பத்தொரு வீடுகளுக்கு நேரே, விதிப்படி, ‘ஆளில்லை’ என எழுதியிருந்தாள். அவ்வீட்டார் பெயர்களெல்லாம் பட்டியலிலிருந்து நீங்கியிருந்தன. முறையிட அன்றே கடைசி நாள்.

நெசவாளர் செங்கோடன் மனைவி ஆத்தாயியோடு வந்து நின்றார்.

“ஏனுங்கம்மா, உசுரோட இருக்கிறவனை இல்லைன்னு எழுதிப் போட்டீங்களே!”

“மூணு தடவ தட்டுனேனுங்க.”

“தறி ஓடுற ஊட்டுல இடி உழுந்தாலே கேக்காதுங்க. சன்னல்ல துண்டை ஆட்டோணும்.”

“சோத்துக்குக் கூப்புடவே நான் துண்டைத்தானுங்க ஆட்டறேன்,” என்று சிரித்த ஆத்தாயி, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

உஷாராணியின் முகம் வாடியது. மேற்பார்வை அலுவலர் தனபாலிடம் விரைந்து சென்று நடந்ததைக் கூறினாள்.

“அவங்கவங்க சான்றோட விண்ணப்பிக்கட்டும். தப்பு உங்களுதுன்னு எழுதிக் குடுத்தா, உங்க வேலைக்கே வில்லங்கமுங்க.”

“கதவைத் தட்டத் தெரியாதவ நானுங்க சார். அதுக்கு அவங்க தறிய நிறுத்திப்போட்டு அலையோணுங்களா?”

தன் பிழையைத் தானே எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தபின், இரவல் துண்டோடு தெருவில் இறங்கினாள். சன்னல்தோறும் துண்டு அசைந்தது. அசைந்த இடந்தோறும் தறி ஓய்ந்து, பஞ்சுத்தூசி படிந்த முகமொன்று எட்டிப்பார்த்தது. மாலை ஐந்து மணிக்குள் முறையீட்டுத் தாள்களில் நாற்பது வீட்டாரின் கையொப்பங்கள் சேர்ந்தன. குமாரபாளையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்ட ஒரு வீட்டுக்கு நேரே மட்டும் ‘ஆளில்லை’ என்பது உண்மையாகவே நின்றது.

நாற்பது வீட்டார் பெயர்களும் பட்டியலில் மீண்டன. பிழைக்கு விளக்கம் கேட்டு உஷாராணிக்கு மேலிடத்திலிருந்து மடல் வந்தது. அதனை அவள் தெய்வப் படத்தின் அடியில் வைத்துத் தொழுதுவிட்டு, மறுமொழி எழுத அமர்ந்தாள்.

அறிவார்ந்த வாசகரே, அரசமைப்பின் பக்கங்கள் எத்தனையோ முறை திருத்தப்பட்டன, இன்னும் திருத்தப்படும். ஆயினும் எளியோரின் உரிமை, தன் பிழையைத் திருத்த ஒருத்தி தெருவில் இறங்கி நடப்பது போன்ற சிறு நேர்மைகளின்மீதே நிற்கிறது. அன்று ஒருகணம் ஓய்ந்து, மீண்டும் ஒலிக்கத் தொடங்கிய அத்தறிகள் அதனை அறியும்.